தட்டில் ஒரு றகரம்

கடைக்காரி ஏதோ கேட்டாள். அது தணிகாசலத்தின் காதில் "ஈட்டுக்கா, எளியேக்கா" என்று விழுந்தது. எளியோருக்கா என்று கேட்கிறாள் போலிருக்கிறது என நினைத்து, "எளியோருக்குத்தாம்மா, வேற யாருக்கு" என்று மேடையில் சொல்வதுபோலக் கம்பீரமாகவே சொன்னார். ஐம்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மேசையைச் சுற்றி அவருடைய வலப்பக்கம் வந்து நின்று, "ஐயா! வீட்ல வெச்சுக் கேக்கறதுக்கா, வெளிய எடுத்துட்டுப் போறதுக்கா?" என்று கத்தினாள். கத்தாதே என்று சொல்லத் தோன்றியது. கத்துவதால் ஒன்றும் ஆகாது என்பது இந்த ஜனங்களுக்குப் புரிவதேயில்லை. காது டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். உங்களுக்குச் சத்தம் போகவில்லை பெரியவரே, சன்னமான மேல்ஸ்தாயி ஒலிகள் போய்விட்டன, க், ச், த் எல்லாம் உதிர்ந்துவிட்டது, அ, ஆ மட்டும் பாக்கி. உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை, அவ்வளவுதானே என்று இவர் திருப்பிக் கேட்டதற்கு அந்த மனிதர் ரசித்துத் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, அதுவும் மழைக்காலம் வரைக்கும்தான், இடது போன வழியில் வலதும் போகும், கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். முப்பது வருஷம் கூம்புக் குழாய்க்கு நேர் கீழே நின்று பேசியதற்குக் கிடைத்த பரிசு. மற்ற தலைவர்கள் ஒலிபெருக்கியைத் தெருமுனையில் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பேசினார்கள். இவர் குழாயின் வாய்க்குக் கீழேயே நின்றார், தன் சொல் எப்படிப் போகிறது என்று தானே கேட்க வேண்டும் என்பதற்காக. போயிற்று, எல்லாம் போயிற்று. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஒரு பாட்டு, பாட்டில் ஒரு வரி, வரியில் ஒரு சொல், சொல்லில் ஓர் எழுத்து. அந்த எழுத்து சின்ன ர என்றால் தணிகாசலம் நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் செய்தது சரி. பெரிய ற என்றால் தணிகாசலம் ஓர் அயோக்கியன். துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உள்ளே இசைத்தட்டு இருந்தது.

"வீட்டுக்கு" என்றார். சொன்னதும் நாக்கு தயங்கியது. வியாசர்பாடியில் தங்கை மகன் கட்டிய மாடியின்மேல் தகரம் போட்ட ஓர் அறை, அதை வீடு என்று சொன்னால் வீடு கோபித்துக்கொள்ளும். "ஒரே ஒரு தபா கேக்கணும் தோழர். அதுக்கப்புறம் வீடானா இன்னா, வெளியானா இன்னா." அவள் புருவத்தைத் தூக்கினாள். "தோழர்னு என்னை யாரும் கூப்பிட்டதில்ல ஐயா. ரெஹானான்னு பேரு. எங்க அத்தா வெச்ச கடை இது." பிறகு அவள் தட்டு ஓட்டுகிற கருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினாள். அவளுக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது, கத்துவதை விட்டுவிட்டு வாயை நன்றாகத் திறந்து மெதுவாகப் பேசினாள், அவர் உதட்டைப் பார்த்துச் சொற்களைப் பொறுக்கிக்கொண்டார். இது பெட்டி மாதிரி மூடி எடுத்துட்டுப் போகலாம், உள்ளயே ஸ்பீக்கர் இருக்கு, ஆனா ஊசி கனம், நல்ல தட்டா இருந்தா இதுல போடாதீங்க, உழுது வெச்சிரும். இது பெல்ட்ல சுத்தறது, வீட்ல நிம்மதியா உக்காந்து கேக்கறவங்க எடுக்கறது. இது மோட்டார் நேரா சுத்தறது, வேகத்தைக் கூட்டலாம் கொறைக்கலாம், கல்யாணத்துல பாட்டுப் போடறவங்க கேட்டு வாங்குவாங்க. அப்புறம் ஹெட்போன். காதுக்குள்ள சொருகறது, காது மேல உக்கார்றது, காதை முழுசா மூடறது. கம்பி இல்லாததும் இருக்கு, பஸ்ஸுல போறப்பகூடக் கேக்கலாம். "கம்பி இல்லாதது வேணாம்" என்றார் உடனே. "எங்கேர்ந்து எங்க போவுதுன்னு கண்ணால பாக்க முடியாத எதையும் நான் நம்பறதில்ல." அவள் மறுபடி சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்கு வருகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டுதானே வந்தார், ஊரே காதை அடைத்துக்கொண்டு நடக்கிறது, ஆணும் பெண்ணும் வெள்ளைப் பூச்சிபோல ஒன்றைச் செவியில் சொருகிக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போகிறார்கள், இனி எந்தத் தெருமுனையில் எவன் நின்று பேசினாலும் யார் காது கொடுப்பார்கள். தன் காது சரியான நேரத்தில்தான் போகிறது என்றுகூடத் தோன்றியது. அது பொய். ராத்திரி பகல் பாராமல் ஆறு வாரமாக அவர் வேண்டிக்கொண்டிருப்பதெல்லாம், வேண்டுதல் என்ற சொல்லையே வாழ்நாளில் பயன்படுத்தாதவர், இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் இந்த வலதுகாது இருக்கட்டும் என்பதுதான்.

ஆறு வாரத்துக்கு முன்னால் நாகர்கோவிலிலிருந்து பார்சல் வந்தது. ஞானப்பூவின் அண்ணன் மகள் அனுப்பியிருந்தாள். அத்தை மாசியில் இறந்துபோனாள், பெட்டியில் இது இருந்தது, உங்கள் பெயர் போட்டிருப்பதால் அனுப்புகிறேன் என்று ஒரு துண்டுத்தாள். செத்துப்போன செய்தியும் தட்டும் ஒரே உறைக்குள். தட்டின் அட்டையில் பாடல் ஆக்கம் தணிகாசலம், பாடியவர் ஞானப்பூ மற்றும் தோழர்கள் என்று சிவப்பு மையில். இப்படி ஒன்று உலகத்தில் மிச்சமிருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. வந்த தட்டு அத்தனையையும் போராட்டப் பந்தலுக்கு முன்னால் போட்டு உடைத்தவர் அவரே. ஒன்றை மட்டும் அவள் எப்போது எடுத்து ஒளித்தாள், எதற்காக ஒளித்தாள், பாடுவதற்கு ஆளில்லாத ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தாள். அவளிடம் அதைப் போட்டுக் கேட்க ஒரு கருவி இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஆறு வருஷம் மனைவியாக இருந்தாள், அப்புறம் நாற்பத்தாறு வருஷம் யாராகவும் இல்லை. ரெஹானா கையை நீட்டினாள், தட்டைக் கொடுங்கள் என்று. கொடுக்க மனம் வரவில்லை. ஊசி தட்டை உழுதுவிடும் என்று அவளே சொன்னாளே, ஒவ்வொரு தடவை போகும்போதும் கொஞ்சம் தேயத்தானே செய்யும். தேயும் தட்டு, தேயும் காது, இரண்டில் எது முந்தும் என்று யார் சொல்வது. "பயப்படாதீங்க ஐயா, நான் பெட்டியில போடமாட்டேன், நல்லதுல போடறேன்" என்றாள். விளிம்பை மட்டும் இரண்டு உள்ளங்கைகளால் பிடித்து அவள் அதை வாங்கிய விதம் பிறந்த குழந்தையை வாங்குவதுபோல இருந்தது. அவருக்கும் ஞானப்பூவுக்கும் குழந்தை இல்லை. போராட்டம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். எந்தப் போராட்டம் முடிந்தது.

வேலைநிறுத்தத்தின் எண்பத்து மூன்றாம் நாள். ஆலை வாசலில் பந்தல், பந்தலின் நான்கு மூலையிலும் கூம்புக் குழாய். கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஆர்மோனியமும் டோலக்கும் வைத்துப் பதிவு செய்த பாட்டு, கல்கத்தாவுக்குப் போய்த் தட்டாகித் திரும்பியிருந்தது. தொழிலாளி பாட்டு தட்டாக வருகிறது என்பதே பெருமை, சாக்கடை ஓரம் வரைக்கும் ஜனம் நின்றது. பாட்டின் வரிகள் இப்போதும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கின்றன. பறித்த கூலி திரும்பும் வரை பந்தல் விட்டு நகரமாட்டோம், இறப்பதென்றால் இறப்போம் இங்கே, இறங்கி வந்து பணியமாட்டோம். மோசமான வரிகள் இல்லை. துண்டறிக்கை படித்தே தமிழ் கற்றவனுக்கு, எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு, நன்றாகவே இருந்தது. ஞானப்பூவின் குரல் குழாயில் வந்தது. ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அப்போதுதான் அந்தப் பாவி ஜெபரத்தினம், சங்கத்தின் நோட்டீசுகளுக்கெல்லாம் பிழை திருத்துகிற அச்சுக்கூடத்துக்காரன், அவனும் தெற்கத்தி ஆள், பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொன்னான்: "தோழர், அவ்வோ இரப்போம்னுல்லா பாடுதாவோ. இரப்போம்னா பிச்சையெடுப்போம்னாக்கும் அர்த்தம்." நாலு பேர் சிரித்தார்கள். நாலு நாற்பதாகி நானூறாயிற்று. அடுத்த நாள் காலை போட்டிச் சங்கத்துக்காரன் எதிர்ச் சுவரில் எழுதிவைத்தான், இரப்போர் சங்கம் என்று, இடையின ர போட்டு, சரியான இலக்கணத்தோடு. எண்பத்து மூன்று நாள் பட்டினி கிடந்த ஜனங்கள் அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்ததைத் தணிகாசலம் பார்த்தார். வேறு யார் பாடியிருந்தாலும் அது பிழையே இல்லை. சென்னையில் எவன் நாக்கில் இரண்டு எழுத்து இருக்கிறது, ர-வும் ற-வும் இங்கே ஒரே ஒலிதான், எழுதினால்தான் வேறு. ஆனால் அவள் நாகர்கோவில்காரி. அவள் வாயில் ற என்பது தனி எழுத்து, நாக்கு மேலண்ணத்தில் மூன்று நாலு முறை படபடத்து விழும். வந்த புதிதில் ரயில்வேயில் வேலை பார்த்த அண்ணனோடு சங்க ஆபீசுக்கு வந்தபோது, தோழர்கள் சுற்றி நின்று, பறவைன்னு சொல்லும்மா, இன்னொரு தபா பறவைன்னு சொல்லு என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள், ஸ்கூட்டர் கிளப்புகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். அவளும் சளைக்காமல், "ஒங்க ஊருல ஒரு எழுத்தத் தொலைச்சிட்டு என்னயாக்கும் சிரிக்கிய?" என்பாள். அப்படிப்பட்டவள், ற-வுக்குச் சொந்தக்காரி, ர என்று பாடினால் அது பிழையாக இருக்க முடியாது. வேண்டுமென்று பாடியிருக்கிறாள். அதற்கு முந்தின வாரம்தானே செயற்குழுவில் எழுந்து, பிள்ளைகள் பட்டினி கிடக்கு, நிர்வாகத்தோடு பேசித்தான் பார்ப்போமே என்றாள். இரண்டும் இரண்டும் நாலு. அவர் உட்கார்ந்து ஒரே மூச்சில் துண்டறிக்கை எழுதினார். ஓரெழுத்தில் ஒளிந்த துரோகம். தலைப்பு அவருக்கே பிடித்திருந்தது, அதை இன்றைக்கும் மறுக்க முடியாது, எழுதி முடித்ததும் ஒரு தரம் வாய்விட்டுப் படித்தார். செயற்குழுவில் அவளை நிறுத்தி, வல்லினமா இடையினமா, என்ன பாடினாய் சொல் என்று கேட்டார். அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்ததுபோல இருந்தது. "எனக்குத் தெரியல்ல" என்றாள். நாகர்கோவில்காரிக்குத் தெரியவில்லையாம்! அவர் அதைச் சொன்ன விதத்தில் குழுவே சிரித்தது. நீக்கப்பட்டாள். அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனான். அவர் ரயிலடிக்குப் போகவில்லை, தட்டு உடைக்கிற வேலை இருந்தது. அதிலிருந்து பதினெட்டாம் நாள் நிர்வாகம் சொன்ன நிபந்தனைக்கெல்லாம் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டது யார் என்பது, அது வேறு விஷயம், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

"எது மொதல்ல?" என்று ரெஹானா கேட்டாள். காது மேல் உட்காரும் ஒன்றை மாட்டினாள். தட்டு சுழன்றது, ஊசி இறங்கியது, மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல், பிறகு டோலக். டோலக்கின் அடி நன்றாகக் கேட்டது, மார்பில் வந்து மோதியது. பிறகு அவள். நாற்பத்தாறு வருஷம் கழித்து அவள் வாயைத் திறந்தபோது தணிகாசலத்தின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அவள்தான். ஆனால் அவளில் பாதிதான். ஆ-வும் ஊ-வும் ஓ-வும் அலையலையாக வந்தன, அவற்றை இணைக்கிற ஒன்றும் வரவில்லை, எலும்பெடுத்த மீன்போலப் பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. அஇஅ ஊஇ இஉஉம் அஐ. இஅப்போம். நடுவில் இருக்கிற அந்த ஒன்று மட்டும் இல்லை. நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினார். காதை முழுதாக மூடுகிற பெரியதை மாட்டினாள். கடையின் மின்விசிறி, தெரு, ஆட்டோ எல்லாம் அணைந்தன, தண்ணீருக்குள் இறங்கியதுபோல ஆயிற்று, அவள் இன்னும் பக்கத்தில் வந்தாள், கழுத்துக்குப் பின்னால் மூச்சு விடுகிற அளவுக்குப் பக்கத்தில். இஅப்போம் இங்கே. அப்போதும் இல்லை. காதுக்குள் சொருகுகிறது ஒன்று, அது குத்தியது, கோழி இறகு விட்டுக் குடைவதுபோல இருந்தது, பலனில்லை. சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினாள். இன்னும் கூட்டு என்றார். "வேணாம் ஐயா, இதுக்கு மேல வெச்சா இருக்கற காதும் போயிரும்." "போவட்டும்." "ஐயா!" "போவட்டும்னு சொல்றேன் இல்ல, கூட்டும்மா!" தான் கத்துவது அவருக்குத் தெரியவில்லை, அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. படியேறி வந்த யாரோ இருவர் வந்த வழியே இறங்கிப் போனார்கள். அவர் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "நீ கேளு. நீயே கேட்டுச் சொல்லு. அந்தம்மா இறப்போம்னு பாடுதா, இரப்போம்னு பாடுதா?" ரெஹானா மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள், தலையை ஆட்டிக் கேட்டாள், கழற்றினாள். "என்ன கொரலு ஐயா இது, ப்பா!" "கொரல் கெடக்கட்டும். என்னா எழுத்து?" "ரெண்டும் ஒண்ணுதான் ஐயா. இரப்போம், இரப்போம். என்னா வித்தியாசம்?" அவள் வாயில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. கேட்கிற காது இருந்தும் அவளுக்குக் கேட்காது. கேட்கத் தெரிந்தவருக்குக் காது இல்லை. ஜெபரத்தினம் செத்து இருபது வருஷம் ஆயிற்று. தணிகாசலம் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். இப்படியே வீட்டுக்குப் போய், இப்படியே மழை வந்து, இப்படியே ஒரு நாள் காலையில் காக்கைச் சத்தமும் போய், தான் யார் என்று தெரியாமலே செத்துப்போவது. வரலாறு மன்னிக்காது என்று எத்தனை பேரைப் பார்த்து எழுதியிருக்கிறார். வரலாறாவது ஒன்றாவது. ஒரு சொல்லைக் காட்டிக்கொடுக்கக்கூட அதற்கு வாயில்லை.

ரெஹானா அவர் எதிரில் குனிந்து, அவர் பார்ப்பதற்காக உதட்டை அசைத்துச் சொன்னாள். எங்க அத்தா இருந்தப்போ பேண்டு வாத்தியக்காரங்க வருவாங்க, புதுப் பாட்டு கத்துக்க. ஓடற வேகத்துல ஸ்வரம் புடிபடாது. தட்டை மெதுவா ஓட்டிக் காட்டுவாரு. மெதுவா ஓட்டினா சத்தமும் அடி எறங்கிரும், கீச்சுக் கொரல்கூடக் கட்டக் கொரலாயிரும். உங்களுக்கு மேல் சத்தம்தான் கேக்கல போலிருக்கு, எறக்கிப் பாப்போமா? தணிகாசலம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தட்டைப் பெல்ட் கருவியிலிருந்து எடுத்து, வேகம் மாற்றுகிற அந்த மற்றொன்றில் வைத்தாள், கல்யாணத்தில் பாட்டுப் போடுகிறவர்கள் வாங்குவது. நாற்பத்தைந்து சுற்றில் ஓட வேண்டியதை முப்பத்து மூன்றுக்கு இறக்கினாள். பெரிய ஹெட்போன். டோலக் ஆமைபோல நகர்ந்தது, ஆர்மோனியம் யாரோ அடிபட்டு முனகுவதுபோல இழுத்தது. பிறகு குரல் வந்தது, கனத்து, இறங்கி, மெள்ள. முதல் இரண்டு வரிகளை அவர் கேட்கவேயில்லை, குற்றவாளிக் கூண்டில் நிற்கிற அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தார், மூச்சு விடாமல். மெய் திரும்பி வந்திருந்தது. த் கேட்டது. ப் கேட்டது, இரண்டு உதடுகள் ஒட்டிப் பிரிவதுகூடக் கேட்டது. இ. பிறகு நாக்கு மேலே போயிற்று. ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. படபடப்பு இல்லை, உருளல் இல்லை. இரப்போம். சின்ன ர. இடையினம். இரப்போம் இங்கே. அவருடைய உடம்பெல்லாம் சூடு பரவியது. சொன்னேனா. சொன்னேனா இல்லையா. தணிகாசலம் ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதில்லை. நாற்பத்தாறு வருஷம் எவனெவனோ முதுகுக்குப் பின்னால் பேசினான், பெண்டாட்டியைப் பலி கொடுத்தான் என்று, ஒரு எழுத்துக்காகக் குடும்பத்தை உடைத்தான் என்று. வாங்கடா, வந்து கேளுங்கள், தட்டு இருக்கிறது, சாட்சி இருக்கிறது. "கெடச்சிருச்சா ஐயா?" என்று ரெஹானாவின் உதடுகள் கேட்டன. "கெடச்சிருச்சு" என்றார். "நான் சொன்னது சரி." சொல்லும்போது வாய் இனித்தது. "இன்னொரு தபா போடு" என்றார். அந்த இனிப்புக்காகத்தான் கேட்டார், வேறு எதற்காகவும் இல்லை.

இன்னொரு தடவை ஊசி இறங்கியது. இப்போது காத்திருக்க அவசரமில்லை, ஜெயித்தவர் சாய்ந்து உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கேட்டார். பறித்த கூலி. நாக்கு ஒரு தட்டு. திரும்பும் வரை. ஒரு தட்டு. அவர் சாய்ந்திருந்ததிலிருந்து நிமிர்ந்தார். பறித்த என்பதும் வரை என்பதும் ஒன்றுபோலவே வந்தனவே. பரித்த கூலி என்றா பாடினாள், அதில் என்ன துரோகம் இருக்கிறது, அதற்குப் பொருளே இல்லையே. இரப்போம் இங்கே. அடுத்த வரி. இறங்கி வந்து. ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. இரங்கி வந்து. இரண்டாவது சரணத்தில் மறந்து என்று ஒன்று வரும், வந்தது, மரந்து என்று வந்தது. பாட்டு முழுதும் தேடினார், ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்திலாவது நாக்கு படபடக்காதா, பறவை என்று சொல்லச் சொல்லித் தோழர்கள் சிரித்த அந்த ற ஓரிடத்திலாவது ஒளிந்திருக்காதா என்று, பிச்சைக்காரன் குப்பையைக் கிளறுவதுபோலத் தேடினார். இல்லை. அவள் வாயில் அந்த எழுத்தே இல்லை. அப்போதுதான் குரலைக் கேட்டார், எழுத்தை விட்டுவிட்டுக் குரலை. வேகம் குறைந்து இறங்கிப்போன அந்தக் குரல் பெண் குரலாகவே இல்லை. முப்பத்தைந்து வயசு ஆண் குரல், வடசென்னைக் குரல், நகரமாட்டோம் என்பதில் ட்டோ-வைக் கொஞ்சம் நீட்டுகிற குரல், கூலி என்பதைக் கடித்துத் துப்புகிற குரல். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். குழாய்க்குக் கீழே நின்று முப்பது வருஷம் கேட்ட குரல். அவருடையது. அவள் வாயில் அவர் பேசிக்கொண்டிருந்தார். பாட்டை அவர் எங்கே எழுதிக் கொடுத்தார், காகிதத்தில் எழுத நேரம் ஏது, ஓட்டேரிக் கால்வாய் ஓரமாக வேலை முடிந்து நடந்து வரும்போது அவர் ஒரு வரி சொல்ல அவள் ஒரு வரி சொல்ல, அப்படியல்லவா பாடம் செய்தாள். அதற்கு முன்னால் ஆறு வருஷம். ஆறு வருஷம் காலையில் எழுந்ததும் கேட்ட பேச்சு, சோறு போடும்போது கேட்ட பேச்சு, மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அண்ணாந்து கேட்ட பேச்சு. எந்த நாளில் அந்த ற அவள் நாக்கை விட்டுப் போயிற்று என்று அவருக்குத் தெரியாது. பக்கத்திலேயே படுத்திருந்தவருக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது. ஒரு பெண் தன் ஊரை நாக்கிலிருந்து எடுத்து வைத்துவிட்டு இவர் மாதிரியே பேச ஆரம்பித்திருக்கிறாள், அதைத்தான் இவர் ஒரு துண்டறிக்கைக்கு எதிரே நிறுத்தி வல்லினமா இடையினமா என்று கேட்டார். அன்றைக்கு அவர் காதுக்குச் சரியாகத்தான் கேட்டது. அது சரியாகக் கேட்டதுதான் இனி அவரால் தாங்க முடியாதது. தப்பாகக் கேட்டிருந்தால் காதின்மேல் பழி போடலாம். தட்டு முடிந்து ஊசி நடுவட்டத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது, சர், சர் என்று. ரெஹானா கையை அவர் தோளில் வைத்து ஏதோ கேட்டாள். அவர் கேட்கவில்லை. ஹெட்போன் காதை மூடியிருந்தது. அவர் வாயைத் திறந்து, நாக்கின் நுனியை மேலண்ணத்தில் வைத்து, மூச்சை விட்டார். இற. ஒரு தட்டுதான் வந்தது. மறுபடி வைத்தார், இன்னும் அழுத்தி, கழுத்து நரம்பு புடைக்க. இ... இற... ஆயிரம் பேருக்கு முன்னால் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசிய நாக்கு, மரத்துப்போன இறைச்சித் துண்டுபோல மேலே போய் ஒருமுறை தொட்டுவிட்டுக் கீழே விழுந்தது. "ஐயா, என்னா பண்ணுது, வாய் கோணுதா, மாரு வலிக்குதா, ஐயா!" ரெஹானா போனை எடுத்து யாரையோ கூப்பிடப் போனாள். எச்சில் தாடையில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளுடைய எழுத்தை அவள் சொன்னதுபோலச் சொல்லிவிட்டால் போதும். நாக்கை வைத்தார். மூச்சை விட்டார். ஒரு தட்டு. மறுபடி வைத்தார். ஒரு தட்டு.